கழிவுநீரும் ஐந்து எண்களும்

கொழும்பு மாநகரில் வாழும் நாம் கழிவுநீரைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மலசலகூடத்தில் ஊற்றப்படும் தண்ணீர், நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலத்துக்கடியில் கிடக்கும் குழாய்களுக்குள் இறங்கிவிடுகிறது. மாதம்பிட்டி நீரேற்று நிலையத்தின் வழியாக அது முகத்துவாரத்தை அடைந்து, கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் நீளும் கடற்குழாயினால் கடலில் சேர்கிறது. தெற்கே வெள்ளவத்தையிலும் இப்படியான கடற்குழாய் ஒன்று உண்டு.

ஆனால் இலங்கையில் இத்தகைய குழாய் வசதி உள்ளவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலான வீடுகளில் அவரவர் வளவுக்குள் இருக்கும் குழிதான் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறது. என் உம்மாவின் ஊரான காத்தான்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய மணல் நிலம். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, சில சதுர கிலோமீற்றர் பரப்புக்குள் 40,000 க்கும் மேற்பட்ட மக்கள். வளவுகள் சிறியவை. ஒரு பக்கத்தில் கிணறு, மறுபக்கத்தில் மலசலகூடக் குழி. மணல் தண்ணீரை விரைவாக இறக்கிவிடும். நிலத்தடி நீரோ சில அடி ஆழத்திலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மணலுக்குப் பதிலாக வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். நிலம் வேறானாலும் கவலை ஒன்றுதான். குழியிலிருந்து இறங்குவது எவ்வளவு சுத்தமாக இறங்குகிறது?

மின்சாரமும் இயந்திரமும் இல்லாமல், சிறிய இடத்தில், அந்த நீரைச் சுத்தமாக்கும் வழிகளில் ஒன்று காற்றின்றிய வடிகட்டி. அது எவ்வளவு வேலை செய்யும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்கைப் பற்றியதே இக்கட்டுரை. நான் உயிரியல் பிரிவு மாணவி. இணைந்த கணிதம் படிப்பவள் அல்ல. ஆகவே பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் இதை வாசிக்கலாம்.

செப்டிக் தாங்கி செய்வதும் செய்யாததும்

செப்டிக் தாங்கி அடிப்படையில் ஒரு படிவுத் தொட்டி. பாரமானவை அடியில் சேறாகப் படிகின்றன. எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதக்கின்றன. நடுவில் உள்ள நீர் மறுபக்கத்தால் வெளியேறுகிறது. அந்த நீரில் கட்டிகள் இல்லை என்பது உண்மை. ஆனால் தேநீரில் சீனி கரைந்திருப்பது போல அழுக்கு அதில் கரைந்திருக்கிறது. படிய வைத்துக் கரைந்ததைப் பிரிக்க முடியாது. அதை ஏதோ ஓர் உயிர் உண்ண வேண்டும்.

இந்தக் கரைந்த அழுக்கை அளக்கும் முறைகளில் ஒன்று இரசாயன ஒட்சிசன் தேவை. ஒரு லீற்றர் நீரில் உள்ள சேதனப் பொருளை முழுமையாக ஒட்சியேற்ற எத்தனை மில்லிகிராம் ஒட்சிசன் வேண்டும் என்பதே இதன் பொருள். சுருக்கமாக சி.ஓ.டி. என்பார்கள். எண் பெரிதானால் அழுக்கும் அதிகம். இலங்கையின் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 2008 இல் வெளியான ஒழுங்குவிதிகள், உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் சி.ஓ.டி. லீற்றருக்கு 250 மில்லிகிராமை மீறக்கூடாது என்கின்றன. இந்த 250 ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தேவைப்படும்.

கல்லில் ஒட்டி வாழும் கூட்டம்

காற்றின்றிய வடிகட்டி என்ற பெயர் நம்மைச் சற்று ஏமாற்றும். இது தேயிலை வடியைப் போலத் தூளைத் தடுத்து நிறுத்தும் பொருள் அல்ல. மூடிய தொட்டி ஒன்றுக்குள் கற்களை நிரப்பி, செப்டிக் தாங்கியிலிருந்து வரும் நீரைக் கீழிருந்து மேலாக ஏறவிடுகிறார்கள். கற்கள் ஏறத்தாழ 12 முதல் 55 மில்லிமீற்றர் வரை பருமனானவை. கல்லுக்குப் பதில் உடைந்த செங்கல், பிளாத்திக்குத் துண்டுகள், தென்னந்தும்பு முதலியவற்றையும் பயன்படுத்துவார்கள். கற்களின் மேற்பரப்பில் வழுவழுப்பான படலம் ஒன்று வளர்கிறது. அந்தப் படலம் முழுவதும் நுண்ணங்கிகள். கடந்து போகும் நீரிலிருந்து உணவை எடுத்துக்கொள்பவை அவையே.

1969 இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் யங், பெரி மெக்கார்ட்டி ஆகிய இருவரும் இம்முறையைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இதை உலகெங்கும் அறியச் செய்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரான மெக்கார்ட்டி 2007 இல் ஸ்டொக்ஹோம் நீர் விருதைப் பெற்றார்.

கல் எதற்கு என்ற கேள்விக்கு விடை உயிரியலில் இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் அழுக்கு உடைவது நான்கு படிகளில் நடக்கிறது. முதலில் மாப்பொருள், புரதம், கொழுப்பு போன்ற பெரிய மூலக்கூறுகள் சிறியவையாக நீர்ப்பகுப்படைகின்றன. அடுத்து அவை அமிலங்களாகின்றன. பின் அந்த அமிலங்கள் அசற்றிக்கமிலமாகவும் ஐதரசனாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறுகின்றன. கடைசியில் இவற்றிலிருந்து மீதேன் உருவாகிறது. குளுக்கோசை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு மூலிலிருந்து மூன்று மூல் மீதேனும் மூன்று மூல் காபனீரொட்சைட்டும் கிடைக்கும். மீதேன் வாயுவாக மேலெழுந்து போய்விடுவதனால் அழுக்கின் பெரும்பகுதி நீரை விட்டு நீங்குகிறது.

கடைசிப் படியைச் செய்பவை பற்றீரியாக்கள் அல்ல, ஆக்கியாக்கள். நாம் உயர்தரத்தில் படிக்கும் மூன்று பேரிராச்சியங்களில் ஒன்று. 1977 இல் கார்ல் வூஸ், ஜோர்ஜ் ஃபொக்ஸ் ஆகியோர், இந்த மீதேன் பிறப்பாக்கிகளின் மரபணுத் தகவலை ஆராய்ந்தபோதுதான் அவை பற்றீரியாக்களிலிருந்து முற்றிலும் வேறானவை என்று கண்டார்கள். புத்தகத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கும் ஒரு பெயர், நம் வளவுக்கடியில் இரவு பகலாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் அவை மெதுவானவை. ஈ.கோலை நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். மீதேன் பிறப்பாக்கிகள் சிலவற்றுக்குப் பல நாட்கள் பிடிக்கும். நீர் ஒரு நாளில் தொட்டியைக் கடந்து விடுகிறது. நீரில் மிதந்துகொண்டிருந்தால், பெருகுவதற்கு முன்பே அவை வெளியே அடித்துச் செல்லப்பட்டுவிடும். கல்லைப் பற்றிக்கொண்டிருப்பதால் நீர் போனாலும் அவை நிற்கின்றன. இதுவே இந்த வடிகட்டியின் இரகசியம். புதிதாகக் கட்டிய வடிகட்டி முழு வலுவுக்கு வர ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகலாம் என்பதற்கும் காரணம் இதுவே.

பாடப்புத்தகத் தாக்கமும் உண்மைத் தொட்டியும்

இனி மாதிரிக்கு வருவோம். மாதிரி என்றால், உண்மையில் நடப்பதைச் சில எண்களால் சுருக்கிச் சொல்லும் முயற்சி. இரசாயனவியல் படிக்கும் தோழியருக்கு முதலாம் வரிசைத் தாக்கம் நினைவிருக்கும். ஒவ்வோர் அரை ஆயுட்காலத்திலும் மீதி பாதியாகும். தொட்டிக்குள் அழுக்கு இப்படிக் குறைகிறது என்று வைத்துக்கொண்டு, நான்கு மணித்தியாலத்தில் பாதி நீங்கினால், எட்டு மணித்தியாலத்தில் 75 வீதம், பன்னிரண்டில் 87.5 வீதம், இருபத்து நான்கில் 98 வீதத்துக்கும் மேல் நீங்க வேண்டும்.

உண்மைத் தொட்டி இவ்வளவு நல்ல பிள்ளை அல்ல. இத்தகைய வடிகட்டிகளில் வழமையாக 50 முதல் 80 வீதம் வரையே நீங்குகிறது. மிக நன்றாக இயங்கினால் 90 வரை போகலாம். இதற்குப் பல காரணங்கள். கழிவுநீர் ஒரு பொருளல்ல, ஆயிரம் பொருட்களின் கலவை. இலேசானவை முதலில் போய்விடும், கடினமானவை கடைசிவரை நிற்கும். அத்துடன் நீர் எல்லாக் கற்களையும் சமமாகத் தொட்டுச் செல்வதில்லை. இலகுவான வழி கிடைத்தால் அதனூடாக ஓடிவிடும். மூலைகளில் தேங்கியும் நிற்கும்.

ஆகவே பொறியியலாளர்கள் இயங்கும் வடிகட்டிகளை அளந்து, அந்த அளவுகளுக்குப் பொருந்தும் சமன்பாடுகளை அமைத்தார்கள். வீட்டுக் கழிவுநீருக்காகப் பிரேசிலில் பயன்படும் ஒன்று மிக எளியது. மீதியாக இருக்கும் பங்கு = 0.87 ÷ (தங்கும் மணித்தியாலங்களின் வர்க்கமூலம்). நான்கு மணித்தியாலம் என்றால் 0.87 ÷ 2, அதாவது 43 வீதத்துக்குச் சற்று மேல் மீதி. ஒன்பது மணித்தியாலம் என்றால் 0.87 ÷ 3, அதாவது 29 வீதம் மீதி. இந்தச் சமன்பாடு ஏறத்தாழ நான்கிலிருந்து பத்து மணித்தியாலம் வரைக்குமானது. ஆயினும் அதன் வடிவம் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கிறது. மீதியைப் பாதியாக்க நேரத்தை இரண்டு மடங்காக்கினால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும். பெரிய தொட்டி கட்டக் கட்டப் பயன் கூடும், ஆனால் செலவு கூடும் வேகத்தில் கூடாது.

ஐந்து எண்களின் பெருக்கம்

இன்னொரு மாதிரி 1998 இல் ஜெர்மனியின் பிரேமன் நகரைச் சேர்ந்த போர்டா நிறுவனம் வெளியிட்ட கைநூலில் உள்ளது. எழுதியவர் லுட்விக் சாஸ. வளர்முக நாடுகளில் சிறு அளவில் கழிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றிய நூல் அது. கணினியின் விரிதாளில் யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய விதத்தில் அவர் கணக்கை அமைத்தார். ஐந்து எண்களைப் பெருக்கினால், எவ்வளவு சி.ஓ.டி. நீங்கும் என்ற மதிப்பீடு கிடைக்கும்.

முதலாவது வெப்பநிலை. 25 பாகை செல்சியஸில் இதன் பெறுமதி 1. முப்பது பாகையில் ஏறத்தாழ 1.1. பத்து பாகையில் 0.47 மட்டுமே. ஆகக் காத்தான்குடி வடிகட்டி ஐரோப்பியக் குளிர்கால வடிகட்டியை விட இரு மடங்குக்கும் அதிகமாக வேலை செய்யும். அல்லாஹ் நமக்குத் தந்த வெயில் இங்கே இலவசமாக உதவுகிறது.

இரண்டாவது நீரின் செறிவு. மிக ஐதான நீரில் நுண்ணங்கிகளுக்கு உணவு குறைவு. வீட்டுக் கழிவுநீருக்கு இந்த எண் 0.9 ஐ அண்டியது.

மூன்றாவது கற்களின் பரப்பு. ஒரு கனமீற்றருக்குள் 100 சதுரமீற்றர் பரப்பு இருந்தால் பெறுமதி 1. ஐம்பது மட்டுமே இருந்தால் 0.9. இருநூறு இருந்தாலும் 1.06 தான்.

நான்காவது தங்கும் நேரம். ஆறு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 0.52, பன்னிரண்டுக்கு 0.60, இருபத்து நான்குக்கு 0.67. இங்கும் அதே கதைதான், நேரம் இரட்டிப்பானாலும் பயன் சிறிதளவே ஏறுகிறது.

ஐந்தாவது அறைகளின் எண்ணிக்கை. ஒரே பெரிய தொட்டியாகக் கட்டாமல் தடுப்புச் சுவர் வைத்து அறைகளாகப் பிரித்தால், குறுக்கு வழியில் நீர் ஓடுவது குறையும். ஒவ்வோர் அறைக்கும் 0.04 வீதம் கூட்டி, மூன்று அறைக்கு 1.12 என்று எடுப்பார்கள்.

இப்போது ஒரு வளவைக் கற்பனை செய்வோம். இரண்டு குடும்பங்கள், பத்துப் பேர், நாளொன்றுக்கு 1,200 லீற்றர் கழிவுநீர். வடிகட்டியில் கற்கள் நிரம்பிய பகுதி 3 கனமீற்றர். கற்களுக்கிடையே உள்ள வெற்றிடம் அதில் 40 வீதம், அதாவது 1.2 கனமீற்றர் அல்லது 1,200 லீற்றர்.

தங்கும் நேரம் = வெற்றிடக் கனவளவு ÷ நாளொன்றுக்கு வரும் நீர்.

1,200 ஐ 1,200 ஆல் வகுத்தால் ஒரு நாள், அதாவது 24 மணித்தியாலம். வெப்பநிலை 28 பாகை, செப்டிக் தாங்கியிலிருந்து வரும் நீரின் சி.ஓ.டி. 600 என்று வைத்துக்கொண்டால்:

1.05 × 0.92 × 1.0 × 0.67 × 1.12 = 0.72 அளவில்.

நூற்றுக்கு 72 பங்கு நீங்கும். வெளியேறும் நீரின் சி.ஓ.டி. ஏறத்தாழ 165. சட்டம் சொல்லும் 250 க்குக் கீழே இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், நமது வடிகட்டி சித்தியடைந்துவிட்டது.

கணக்கு மாறும் இடம்

ஆனால் இந்த விடை தொட்டி புதிதாக இருக்கும்போது கிடைக்கும் விடை. ஐந்து எண்களில் வெப்பநிலை வானத்தின் கையில் இருக்கிறது. கற்களின் பருமனையும் அறைகளின் எண்ணிக்கையையும் கட்டும்போதே மேசன் தீர்மானித்துவிடுகிறார். நீரின் செறிவு பெரிதாக மாறுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு நம் கண்ணுக்குத் தெரியாமல் மாறுவது ஒன்றுதான், தங்கும் நேரம்.

காரணம் சேறு. செப்டிக் தாங்கியைக் காலத்துக்குக் காலம் கல்லி பவுசர் கொண்டு இறைக்காவிட்டால், அதிலுள்ள சேறு வடிகட்டிக்குள் வரத் தொடங்கும். கற்களில் வளரும் படலமும் தடிக்கும். வெற்றிடம் சிறிது சிறிதாக அடைபடும். தொட்டி வெளியிலிருந்து பார்க்க அதே 3 கனமீற்றர் தான். ஆனால் உள்ளே 1,200 லீற்றர் இருந்த வெற்றிடம் 600 ஆகிவிட்டால் தங்கும் நேரம் 12 மணித்தியாலம். நான்காவது எண் 0.67 இலிருந்து 0.60 ஆகிறது. நீங்குவது 65 வீதம், வெளியேறும் சி.ஓ.டி. 211. இன்னும் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. நாற்றமுமில்லை, பெருக்கெடுப்புமில்லை. யாருக்கும் எதுவும் தெரியாது.

நான்கில் மூன்று பங்கு அடைபட்டால் வெற்றிடம் 300 லீற்றர், நேரம் ஆறு மணித்தியாலம். நீங்குவது 56 வீதம், வெளியேறும் சி.ஓ.டி. 262. இப்போது எல்லையைத் தாண்டிவிட்டது. உண்மையில் நிலைமை இதைவிட மோசமாகவே இருக்கும். ஏனெனில் அடைபட்ட கற்களின் பரப்பும் பயன்படாது. ஒடுங்கிய வழியால் நீர் வேகமாக ஏறி, கல்லில் ஒட்டிய படலத்தையும் பிய்த்துக்கொண்டு போகும்.

மாதிரியின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. 72 என்ற எண் சரியாக 72 ஆக இருக்கப் போவதில்லை; 65 ஆகவும் இருக்கலாம், 80 ஆகவும் இருக்கலாம். பல இடங்களில் அளந்த அளவுகளிலிருந்து வரைந்த வளைகோடுகள் எந்த ஒரு தொட்டிக்கும் அச்சொட்டாகப் பொருந்தா. ஆனால் எந்த எண் அசைந்தால் விடை எவ்வளவு அசையும் என்பதை மாதிரி நேர்மையாகச் சொல்கிறது. விலை கூடிய கல் வாங்குவதால் கிடைக்கும் இலாபம் சொற்பம். மூன்றாவது அறைக்கு ஒரு சுவர் கட்டுவதும், உரிய காலத்தில் சேற்றை இறைப்பதும் அதைவிடப் பெறுமதியானவை. பெருமளவு தரவுகளைக் கொண்ட பெரிய மாதிரிகளும் உண்டு. சர்வதேச நீர்ச் சங்கம் 2002 இல் வெளியிட்ட மாதிரி, மேற்சொன்ன நான்கு படிகளுக்கும் தனித்தனிச் சமன்பாடுகள் தருகிறது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஐந்து எண்கள் போதும்.

தொட்டிக்குள் நீர் உண்மையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அளக்கவும் வழி உண்டு. உட்செல்லும் இடத்தில் உப்புக் கரைசலை ஒரே தடவையில் ஊற்றிவிட்டு, வெளியேறும் நீரின் மின் கடத்துதிறனை மணிக்கு மணி அளப்பார்கள். 24 மணித்தியாலத்தில் வரவேண்டிய உப்பு எட்டு மணித்தியாலத்திலேயே வந்துவிட்டால், உள்ளே எங்கோ குறுக்கு வழி விழுந்துவிட்டது என்று பொருள்.

வுழூவும் தங்கும் நேரமும்

தங்கும் நேரத்தின் சூத்திரத்தில் மேலே வெற்றிடம், கீழே வரும் நீர். மேலே உள்ளதைக் கூட்டக் கொத்தனாரும் சீமெந்தும் வேண்டும். கீழே உள்ளதைக் குறைக்க நம் கை போதும். குழாயை மெதுவாகத் திறந்தால் தங்கும் நேரம் தானாகவே நீளும். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் வுழூச் செய்யும்போது தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று சிறுவயதிலேயே கற்கிறோம். அந்த ஒழுக்கம் குழிக்குள் இருக்கும் நுண்ணங்கிகளுக்கும் நேரம் கொடுக்கிறது என்பதை இந்தச் சூத்திரம் காட்டுகிறது.

பள்ளிவாசல்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு கிழமையின் மற்றெல்லா நாட்களிலும் மெதுவாக வரும் நீர், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முந்திய ஒரு மணித்தியாலத்தில் வெள்ளமாக வரும். நாளின் சராசரியை வைத்துக் கணக்கிட்டால் தங்கும் நேரம் ஒரு நாள்; அந்த ஒரு மணித்தியாலத்திலோ நீர் கற்களை உரசிக்கொண்டு விரையும். வுழூ நீரில் அழுக்கு மிகக் குறைவு. அதை மலசலகூடக் குழாயுடன் சேர்க்காமல் தனிக் குழாயில் தென்னைக்கும் வாழைக்கும் விட்டால், வடிகட்டியும் தப்பும், மரமும் செழிக்கும்.

கணக்கு சொல்லாதவை

இந்த மாதிரி சி.ஓ.டி.யைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மாதிரி பேசாத விடயங்கள் தொட்டியில் இல்லை என்று நினைத்துவிடக்கூடாது.

வடிகட்டியிலிருந்து தெளிவாக வரும் நீரில் நோய்க்கிருமிகள் பெருமளவில் இருக்கும். நைதரசனும் அப்படியே, நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் அது நீங்குவது அரிது. எஞ்சும் அமோனியா மண்ணுக்குள் போய் நைத்திரேற்றாக மாறிக் கிணற்று நீரில் சேரலாம். நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றலை அது குறைக்கக்கூடும். ஆகவே வடிகட்டி இருக்கிறது என்பதற்காகக் கிணற்றையும் ஊறுகுழியையும் அருகருகே வைக்க முடியாது. ஐம்பது அடி இடைவெளி என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பொருள் உண்டு.

இஸ்லாம் பாடத்தில் நீரின் சுத்தத்தை நிறம், சுவை, வாசனை என்ற மூன்றினாலும் அறியக் கற்கிறோம். சுத்திகரித்த கழிவுநீரைப் பற்றி 1978 இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை ஆராய்ந்து, இம்மூன்றிலும் அசுத்தத்தின் அடையாளம் முழுமையாக நீங்கும்வரை சுத்திகரித்த நீரைச் சுத்தமானதாகக் கொள்ளலாம் என்றும், உடல்நலத்துக்குத் தீங்கு வரும் இடத்தில் தவிர்க்க வேண்டும் என்றும் தீர்மானித்தது. காற்றின்றிய வடிகட்டியின் நீர் இந்த நிபந்தனைகளுக்குக் கிட்டவும் வராது. அது பாதி வழி வந்த நீர். மீதி வழிக்கு வேறு துணை வேண்டும்.

அந்தத் துணையைக் காண விரும்புவோர் தமிழ் நிலத்திலேயே காணலாம். புதுச்சேரியின் தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் 2003 முதல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கனமீற்றர் கழிவுநீர் இத்தகைய முறையில் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. முதலில் படிவுத் தொட்டி. பின் காற்றின்றிய அறைகள். அதன்பின் கற்கள் நிரப்பிச் செடி வளர்த்த பாத்தி. கடைசியில் வெயிலும் காற்றும் படும் திறந்த குளம். இவ்வளவையும் கடந்த நீர் தோட்டத்துக்குப் போகிறது. காற்றின்றிய பகுதி அழுக்கின் பெரும்பங்கை மலிவாக உண்டுவிடுவதனால், பின்னால் வரும் செடிகளுக்கும் குளத்துக்கும் வேலை இலேசாகிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

வீடு கட்டும்போது கூரைக்கும் தரை ஓட்டுக்கும் பல நாட்கள் ஆலோசிக்கிறோம். குழியை மட்டும் "வழமை போல" என்று மேசனிடம் விட்டுவிடுகிறோம். இலங்கை கட்டளைகள் நிறுவனம் செப்டிக் தாங்கிகளுக்கென எஸ்.எல்.எஸ். 745 என்ற கட்டளையை வெளியிட்டிருக்கிறது. குழி வெட்டுமுன் அதன்படி திட்டம் கேட்பது வீட்டுக்காரரின் உரிமை. வடிகட்டி கட்டுவதாக இருந்தால், அறைகள் எத்தனை, சேற்றை இறைக்கக் குழாய் விடும் வாய் எங்கே என்ற இரண்டு கேள்விகளையாவது கேளுங்கள். மூடியைச் சீமெந்தால் பூசி, மேலே ஓடு பதித்து மறைத்துவிட்டால் பிறகு எந்தப் பவுசரும் உதவாது.

இன்னுமொன்று. அடைபட்ட தாங்கிக்குள் யாரையும் இறங்க விடாதீர்கள். உள்ளே ஒட்சிசன் குறைவு. மீதேனும் ஐதரசன் சல்பைட்டும் நிறைந்திருக்கும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய மற்றவரும் இறந்த செய்திகளைப் பத்திரிகைகளில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம்.

தோழியரே, உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போடலாம். குழாய் நீர்க் கட்டணப் பட்டியலில் உள்ள ஓர் அலகு ஒரு கனமீற்றர். மாதம் 36 அலகு என்றால் நாளொன்றுக்கு 1,200 லீற்றர். தொட்டியின் நீள, அகல, ஆழத்தை வாப்பாவிடமோ கட்டிய மேசனிடமோ கேளுங்கள். வகுத்துப் பாருங்கள். எத்தனை மணித்தியாலம் வருகிறது? கடைசியாகச் சேறு இறைத்தது எந்த ஆண்டு? முதலாவது கேள்விக்கு விடை தெரிந்து இரண்டாவதற்குத் தெரியாவிட்டால், முதலாவது விடையை நம்பவேண்டாம். இரண்டும் தெரிந்திருந்தால், இன்ஷா அல்லாஹ், பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் நீங்கள் ஒரு நன்மை செய்தவராவீர்கள்.